விண்டோஸ் அப்டேட் ஏறாமல் நின்றால்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். 2025 ஜூலை 9 காலை லேப்டாப்பைத் திறந்தால், இரவில் வந்த விண்டோஸ் அப்டேட் பாதி ஏறி, முடியாமல், போட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்துப் பழையபடி திறந்தது. மதியம் மறுபடி ஏற ஆரம்பித்து, மறுபடி பின்வாங்கியது. சாயங்காலம் மூன்றாவது முறை. ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட 11ஆம் தேதி கடைசி நாள்.

பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபார்மட் போட்டாத்தான்க்கா சரியாகும், 800 ரூபாய்" என்றார் கடைத் தம்பி. பிழை எண் என்ன என்றுகூட அவர் பார்க்கவில்லை. மூன்று வருடக் கணக்கு அந்த லேப்டாப்பில் இருக்கிறது. மனசு வராமல் திரும்பி வந்துவிட்டேன். பிறகு மூன்று இரவு உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது: சி டிரைவில் 4 ஜிபிதான் காலி, அதோடு விண்டோஸின் உள் கோப்புகள் சில கெட்டுப்போயிருந்தன. இரண்டுக்குமே ஃபார்மட் தேவையில்லை. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

நான் பட்ட பாடு நீங்கள் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கான வழி இது. விண்டோஸ் 10 என்றால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் வராது. அதைப் பழுது என்று நினைத்து நோண்ட வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஆபத்து குறைந்தது முதலில், கூடியது கடைசியில் என்று அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு படி முடிந்ததும் அப்டேட்டை ஒருமுறை முயன்று பாருங்கள். ஏறிவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

1. அவசர வேலை இருந்தால் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்

அப்டேட் தோற்றுப் பின்வாங்கிய பிறகு கணினி பெரும்பாலும் நேற்று இருந்த நிலைக்கே வந்துவிடும். அதில் வேலை செய்யலாம். இது தெரியாமல் ஒரு நாளை வீணாக்கினேன்.

செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அதில் பாஸ் அப்டேட்ஸ். ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். 10ஆம் தேதி காலை இதைச் செய்துவிட்டு எல்லா ரிட்டர்னையும் போட்டு முடித்தேன். பழுது பார்க்க உட்கார்ந்தது 11ஆம் தேதி இரவுதான். தலைக்கு மேல் கெடு இருக்கும்போது கணினியைக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, உங்கள் கோப்புகளின் நகல். வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வேறு கணினியிலோ எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று நினைப்பது பெரிய தப்பு. டேலி மாதிரி கணக்கு மென்பொருள்கள் டேட்டாவை வேறு இடத்தில் வைத்திருக்கும். மென்பொருளைத் திறந்து, டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஃபோல்டரை முழுதாக எடுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர் மீட்புச் சாவி. இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். புது லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். அந்தப் பூட்டுதான் பிட்லாக்கர். நமக்குத் தெரியவே தெரியாது. அப்டேட்டில் ஏதாவது குளறுபடியானால் நீலத்திரை வந்து 48 இலக்க எண் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில், டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே அந்த எண் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைப்பதில் பயனில்லை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரரே தன் மின்னஞ்சலைப் போட்டுத் தயார் செய்து கொடுத்திருந்தால், சாவி அவர் கணக்கில் இருக்கும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பக்கம் போய் யார் மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை.

மூன்றாவது, சில்லறைச் சாமான்கள்: சார்ஜர், லேப்டாப் வாங்கிய பில், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. கடைசிப் படி வரை போக வேண்டியிருந்தால் 6 ஜிபிக்கு மேல் பதிவிறக்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் அது நடக்காது. பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

3. பிழை எண்ணைப் படியுங்கள்

எனக்கு வழி திறந்தது இந்தப் படியில்தான். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அப்டேட் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும். தோற்ற அப்டேட்டுக்கு நேராக, கேபி என்று தொடங்கும் ஏழு இலக்க எண்ணும், பக்கத்தில் ஒரு பிழை எண்ணும் காட்டும். இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் வரும் ஒரு படியில் இந்தப் பட்டியல் அழிந்து போகும்.

பிழை எண்ணின் தொடக்கத்தில் 0எக்ஸ் என்று வருவது எல்லாவற்றுக்கும் பொது. அதை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்கிறேன்.

80070070 என்றால் இடம் போதவில்லை. நேராக நான்காவது படிக்குப் போங்கள்.

80073712 அல்லது 800எஃப்081எஃப் என்றால் விண்டோஸின் உள் கோப்புகள் கெட்டிருக்கின்றன. எனக்கு முதலில் இடம் இல்லை என்ற எண் வந்தது. இடத்தைக் காலி செய்த பிறகு 80073712 வந்தது. ஒன்றைச் சரி செய்ததும் எண் மாறினால் பயப்படாதீர்கள். முன்னேறியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். இதற்கு ஆறாவது படி.

80070020 என்றால் ஏதோ ஒரு மென்பொருள் தேவையான கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் தனியாகப் போட்ட ஆன்டிவைரஸ்தான். அதை நீக்கிவிட்டு முயன்று, அப்டேட் ஏறிய பிறகு மறுபடி போடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளும்.

80072 அல்லது 80244 என்று தொடங்கினால் இணையத் தொடர்பில் சிக்கல். விபிஎன் இருந்தால் அணையுங்கள், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சி1900101 என்று தொடங்கினால், பெரிய பதிப்பு மாற்றத்தின்போது ஏதோ ஒரு டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) மக்கர் செய்கிறது. பிரின்டர், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக் கருவி), பென் டிரைவ் என்று வெளியே செருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவர்களைப் புதுப்பியுங்கள்.

80070643க்குக் காரணம் பல. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட்டில் இதே எண்ணைப் பலர் பார்த்தார்கள். மீட்புப் பகுதிக்கென டிஸ்க்கில் ஒதுக்கிய பிரிவு (பார்டிஷன்) சிறியதாக இருந்ததுதான் காரணம். அதைப் பெரிதாக்கும் வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கும். பார்டிஷனில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். ஒரு தவறான எழுத்தில் டிஸ்க் மொத்தமும் போய்விடும்.

4. இடம், தேதி, இணையம்

சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போனால் அழிக்கக்கூடியவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும்.

அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்யாதீர்கள். மற்றவை பெரும்பாலும் குப்பை. இது ஒன்று மட்டும் உங்கள் ஃபோல்டர். அளவு பெரிதாகக் காட்டுகிறதே என்று நான் டிக் செய்துவிட்டேன். ஒரு கடையின் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் போயிற்று. அவர்களிடம் சொல்லி மறுபடி வாங்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம், கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றுகளைச் சரிபார்க்க முடியாமல் அப்டேட் தொடங்கவே தொடங்காது. பழைய டெஸ்க்டாப்பில், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

வைஃபை அமைப்பில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டுக்காக எப்போதோ போட்டிருப்போம், மறந்திருப்போம். அது ஆனில் இருந்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது.

இதெல்லாம் முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது அதற்குச் சமமில்லை. பல லேப்டாப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் அடிப்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி வரும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும்.

5. ட்ரபிள்ஷூட்டர்

விண்டோஸே சிக்கலைத் தேடிச் சரி செய்யப் பார்க்கும் வசதி இது. செட்டிங்ஸ், சிஸ்டம், ட்ரபிள்ஷூட், அதர் ட்ரபிள்ஷூட்டர்ஸ், அதில் விண்டோஸ் அப்டேட். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு உதவவில்லை. கெடுதல் எதுவும் இல்லை என்பதால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

6. கெட்டுப்போன உள் கோப்புகளைச் சரி செய்வது

ஸ்டார்ட் பொத்தான் மேல் வலது கிளிக் செய்து, அட்மின் என்று போட்டிருக்கும் டெர்மினலை (கட்டளைகளை அடிக்கும் சன்னல்) திறங்கள். சாதாரண டெர்மினலில் இது ஓடாது.

இரண்டு கட்டளைகள் கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம்.

முதல் கட்டளை: டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth). ஒவ்வொரு சாய்வுக்கோட்டுக்கும் முன்னால் ஒரு இடைவெளி, பின்னால் இடைவெளி இல்லை. கிளீனப், இமேஜ் இரண்டுக்கும் நடுவே சிறுகோடு.

இரண்டாவது கட்டளை: எஸ்எஃப்சி /ஸ்கேன்நௌ (sfc /scannow). ஸ்கேன்நௌ ஒரே சொல்லாக ஒட்டி வரும்.

பல வீடியோக்களில் இரண்டாவதை முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள். நானும் முதல் இரவு அப்படித்தான் செய்தேன். சில கோப்புகளைச் சரி செய்ய முடியவில்லை என்று வந்தது. காரணம் இதுதான்: எஸ்எஃப்சி கெட்ட கோப்பை எடுத்துவிட்டு, விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் கிடங்கிலிருந்து நல்ல நகலை எடுத்து வைக்கும். கிடங்கே கெட்டிருந்தால் அது எங்கே போய் எடுக்கும்? டிஸ்ம் அந்தக் கிடங்கை மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிச் சரி செய்யும். அதனால் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. டிஸ்ம் ஓடும்போது இணையம் இருக்க வேண்டும்.

எனக்கு டிஸ்ம் முடிய 40 நிமிடம் ஆனது. நடுவில் 62 சதவீதத்தில் அசையாமல் நின்றது. கெட்டுவிட்டது என்று நினைத்து முதல் தடவை சன்னலை மூடிவிட்டேன். மூடாதீர்கள். அது உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒரு மணி நேரம் வரை பொறுத்துப் பாருங்கள். எஸ்எஃப்சிக்கு இன்னொரு கால் மணி நேரம். கெட்ட கோப்புகளைக் கண்டு சரி செய்துவிட்டதாகச் செய்தி வந்தால் ரீஸ்டார்ட் செய்து அப்டேட்டை முயலுங்கள். சரி செய்ய முடியவில்லை என்றால் எஸ்எஃப்சியை மட்டும் இன்னும் ஒரு தடவை ஓட்டலாம்.

7. பாதியில் நிற்கும் பதிவிறக்கத்தை ஒதுக்குவது

இறங்கி வந்த அப்டேட் கோப்பே சிதைந்திருந்தால், எத்தனை முறை முயன்றாலும் விண்டோஸ் அதே கோப்பைத்தான் எடுக்கும். அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள், சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரில் இருக்கிறது.

சர்வீசஸ் பக்கத்தைத் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் இரண்டையும் ஸ்டாப் கொடுங்கள். அந்த ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஓல்டு என்று சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் புதிதாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும். நேராக அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வது, தேவைப்பட்டால் திரும்ப வைக்கலாம் என்பதற்காக. அப்டேட் ஏறிய பிறகு பழையதை அழித்துவிடலாம். சில சமயம் பல ஜிபி மிச்சமாகும்.

அப்டேட் ஹிஸ்டரி பட்டியல் காலியாகிவிடும் என்று சொன்னது இந்தப் படியில்தான். ஏறிய பழைய அப்டேட்டுகள் எங்கும் போய்விடவில்லை, பட்டியல் மட்டும்தான் போகும்.

எனக்கு இந்தப் படியோடு முடிந்தது. ஜூலை 14 அதிகாலை இரண்டு மணிக்கு அப்டேட் ஏறி, கணினி ஒழுங்காகத் திறந்தது.

8. கையால் இறக்கி ஏற்றுவது

மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில், நீங்கள் படம் எடுத்து வைத்த கேபி எண்ணைத் தேடினால் அந்த அப்டேட் தனியாகக் கிடைக்கும். ஒரே எண்ணுக்குப் பல வரிகள் காட்டும். சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிக்கு எக்ஸ்64 என்று போட்டிருப்பதை எடுங்கள்; ஆர்ம்64 வேறு வகை. உங்கள் பதிப்பு எது என்று செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் பார்த்து அதே பதிப்புக்கானதை எடுங்கள்.

9. கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மறுபடி ஏற்றுவது

என் தோழி ஒருத்தியின் கணினிக்கு இதுவரை வர வேண்டியிருந்தது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில், விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரி செய்யும் தேர்வு ஒன்று இருக்கும். அதில் ரீஇன்ஸ்டால் நௌ. இதே பக்கத்தில் ரீசெட் என்று இன்னொன்றும் இருக்கும், அது வேறு. ரீசெட் செய்தால் கோப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். டேலி, டிஎஸ்சி டோக்கன் மென்பொருள் எல்லாம் மறுபடி போட வேண்டியிருக்கும்.

ரீஇன்ஸ்டால் தேர்வு இல்லாவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் முழுதும் ஒரே கோப்பாக இருப்பது) இறக்கி, இரட்டை கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். விண்டோஸுக்குள் இருந்தபடியேதான் ஓட்ட வேண்டும். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி ஏற்றினால் மென்பொருள்களை வைத்துக்கொள்ள வழியில்லை.

கோப்புகளும் ஆப்களும் இருக்கட்டும் என்ற தேர்வு மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மொழி பொருந்தாததுதான் காரணம். ஆங்கிலத்திலேயே யுனைடெட் ஸ்டேட்ஸ், இன்டர்நேஷனல் என்று இரண்டு ஐஎஸ்ஓ உண்டு. தோழி இறக்கியது ஒன்று, கணினியில் இருந்தது மற்றொன்று. மாற்றி இறக்கியதும் தேர்வு வந்துவிட்டது.

எஸ்எஸ்டி உள்ள கணினியில் ஒன்றரை மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் நான்கு மணி நேரம்கூட ஆகலாம். சார்ஜரைக் கழற்றாதீர்கள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இல்லையென்றால், மின்தடை அறிவித்திருக்கும் நாளில் தொடங்காதீர்கள்.

10. கணினி திறக்கவே இல்லையென்றால்

லோகோ தெரியும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய், கடைசியாக ஏறிய குவாலிட்டி அப்டேட்டை (மாதாந்திர அப்டேட்) நீக்குங்கள். பிட்லாக்கர் சாவியைக் கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது இப்படி அணைக்கக் கூடாது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் மூன்று மணி நேரமாவது பொறுங்கள்.

11. கடைக்குப் போவதென்றால்

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால் டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம். அப்போது கடைக்குப் போகத்தான் வேண்டும். பிழை எண்ணைக் காட்டி, "முதல்ல டிஸ்க் நல்லா இருக்கான்னு பாருங்க" என்று சொல்லுங்கள். ஒப்படைப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள், வாரன்டி முடிந்ததா என்று பில்லைப் பாருங்கள்.

விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் உரிமம் அந்த மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கிறது. அதே பதிப்பை மறுபடி ஏற்றினால், இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். புதுச் சாவிக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. திருட்டு விண்டோஸ் போட்டுத் தர ஒப்புக்கொள்ளவே கூடாது. அதில் அப்டேட்டையே முடக்கி வைத்திருப்பார்கள். உங்கள் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளையும் வங்கி விவரங்களையும் அந்தக் கணினியில்தானே அடிக்கப்போகிறீர்கள்?

பிழை எண்ணை இணையத்தில் தேடும்போது வரும் டிரைவர் அப்டேட்டர், பிசி ரிப்பேர் போன்ற மென்பொருள்களை இறக்காதீர்கள். திரையில் எண் ஒன்றைக் காட்டி, மைக்ரோசாஃப்டுக்குப் போன் செய்யுங்கள் என்று வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் எண் இருக்காது.

12. அடுத்த மாதத்துக்கு

மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. இந்திய நேரப்படி அன்று இரவு பத்தரை மணி, அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் பதினொன்றரை. அந்தச் செவ்வாய் 8ஆம் தேதி முதல் 14ஆம் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் விழும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறவர்களுக்கு 11ஆம் தேதி நடுவில் நிற்கிறது. இப்போதெல்லாம் 7ஆம் தேதி காலை ஒரு வாரத்துக்கு பாஸ் கொடுத்துவிடுகிறேன். கடைசி ரிட்டர்ன் போனதும் டேலி டேட்டாவை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, சார்ஜரைச் செருகி, ரெஸ்யூம் அப்டேட்ஸை அழுத்திவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.